ஒன்றாம் நம்பர் கட்டங்கள்

அக்கா வருஷத்தை எழுத உட்கார்ந்தால் முதலில் எழுதுவது பாடம் நடக்காத நாட்களைத்தான். மே மாதத்தில், தகரக் கூரை கொதிக்கிற மத்தியானத்தில், நான்கு சார்ட் பேப்பரை ஒன்றாக ஒட்டித் தரையில் பரப்பிப் போட்டு, ஸ்கேலும் பென்சிலுமாகக் குனிந்திருப்பார். கிறிஸ்மஸுக்குப் பத்து நாள். புனித வெள்ளி வாரம். சபையில் காணிக்கைக் காய்கறியை ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகை. அதற்கு மறுநாளும் சேர்த்து, ஏனென்றால் ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை எங்கள் லைன் வீடுகள் முழுக்கப் பங்கு வைக்க வேண்டும். மூத்த பெண்ணைப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் நாட்கள். ஆடிக் காற்றில், மைன் கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டுப் புழுதி வீட்டுக்குள் வருகிற வாரம். அப்போது கதவைச் சாத்திக்கொண்டு மனப்பாடம் மட்டும். எங்கள் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டும் மூன்று நாட்கள். அப்போது டிக்டேஷன் கிடையாது, கணக்கு உண்டு. கணக்குப் போடக் காது எதற்கு என்பார்.

"நடக்காத நாளை மொதல்ல எழுதிடணும்மா. மிச்சம் இன்னா கீதோ அதான் வருஷம்" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். அப்போது எனக்கு அது வேடிக்கையாக இருந்தது.

கொரோனாவுக்கு முந்தின காலம் அது. தங்க மைன் மூடிப்போன மாரிகுப்பத்தில் நாங்கள் இருந்த தொழிலாளர் லைனில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே நான்கு வீடு. நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தேன். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று பேர். உண்மையில் விண்ணப்பம் போடுவதும் போனைப் பார்ப்பதும்தான். ஒருநாள் அக்கா வாசலில் வந்து நின்று, தன் இரண்டு பெண்களுக்கும் கணக்குச் சொல்லித்தர வர முடியுமா என்று கேட்டார். நான் யோசிப்பதற்குள் என் அம்மா சரி என்று சொல்லிவிட்டார். அன்று சாயங்காலமே நான் மூன்றாம் நம்பர் ஆகிவிட்டேன்.

அந்த வீட்டில் பாடம் நடத்துகிற ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் உண்டு. அக்கா ஒன்று. அவர் வீட்டுக்காரர் இரண்டு. அண்ணன் என்று நான் கூப்பிடும் அவர் பெங்களூரில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர், விடிவதற்கு முன்பே ரயில் ஏறிவிடுவார், அதனால் இரண்டு என்பது ஞாயிறு சாயங்காலம் மட்டும் வரும். மூத்தவள் ஸ்டெல்லாவுக்குப் பன்னிரண்டு வயது. தங்கைக்குக் கன்னடம் சொல்லிக்கொடுப்பதால் அவள் நான்கு. சின்னவள் ரூத்துக்கு எட்டு வயது. தனக்கு மட்டும் நம்பர் இல்லை என்று ஒருநாள் சாப்பிடாமல் இருந்தாள். அவளுக்கு ஐந்தைக் கொடுத்து, ஞாயிறுதோறும் அப்பாவுக்கு வாய்ப்பாடு சொல்லித்தருகிற வேலையையும் கொடுத்தார் அக்கா. எட்டாம் வாய்ப்பாட்டில் அண்ணன் வேண்டுமென்றே தப்பு விடுவார்.

அக்காவின் அப்பா மைனில் வேலை பார்த்தவர். ஷிப்டுக்கு இறங்கும்போது ஆளுக்கொரு டோக்கனை எடுத்துக்கொண்டு போய், மேலே வந்ததும் பலகையில் மாட்டிவிட வேண்டுமாம். எந்த ஆணி காலியாக இருக்கிறதோ அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறார் என்று அர்த்தம். அப்பாவின் பிறந்த தேதி அக்காவுக்குத் தெரியாது, டோக்கன் நம்பர் தெரியும். ஆனால் நம்பர் போட அவர் சொன்ன காரணம் வேறு. பேரை எழுதினால் கட்டம் நிறைந்துவிடும், நம்பர் போட்டால் பாடத்தை எழுத இடம் மிஞ்சும். அவ்வளவுதான்.

எதையும் நாள் குறிக்காமல் விட அவருக்குப் பிடிக்காது. குழாய்த் தண்ணீர் மட்டும் அவருக்கு அடங்கவில்லை. எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், பத்து நாளைக்கு ஒருமுறை வரும், வந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் குடத்தோடு ஓட வேண்டும். அதற்காக அட்டையில் சின்னச் சின்னச் சீட்டு வெட்டி, 'தண்ணி' என்று எழுதி, ஒரு ஊக்கில் கோர்த்து சார்ட்டுக்கு அடியில் தொங்கவிட்டிருந்தார். தண்ணீர் வந்ததும் ஸ்டெல்லா ஒரு சீட்டை எடுத்து அன்றைய கட்டத்தின் மேல் குத்துவாள். அதன் பிறகுதான் குடத்தைத் தொடலாம். ஒருமுறை நான் நேரே குழாய்க்கு ஓடிவிட்டேன். திரும்பி வந்ததும், "சீட்டு குத்தாம போய்ட்டா அந்தப் பாடம் எங்க போச்சின்னு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார். அதில் கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

ஸ்டெல்லாவுக்கு வலிப்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் இரண்டு முறை விழுந்தாள். மற்றப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள், டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். லைனில் இருந்த பெண்களெல்லாம் வாசலில் கூடி ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா பாதியில் எழுந்து கடைக்குப் போய் சார்ட் பேப்பர் வாங்கி வந்தார் என்று என் அம்மா சொல்வார். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த சின்னவளையும் நிறுத்திவிட்டார். ஒருத்தி மட்டும் வீட்டில் இருந்தால் அவள் நோயாளி, இரண்டு பேர் இருந்தால்தான் அது பள்ளிக்கூடம் என்றாராம். இந்தப் பேச்சு எனக்கு ரொம்ப நாள் பிடித்திருந்தது. ரூத்தை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பது பிறகுதான் தோன்றியது.

நான் போக ஆரம்பித்த இரண்டாவது மாதம், என் பாடத்தின் நடுவிலேயே ஸ்டெல்லா விழுந்தாள். நான் எங்கள் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அவள் கையில் திணிக்கப் போனேன். இரும்பைக் கொடுத்தால் நிற்கும் என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். அக்கா சமையல் கட்டிலிருந்து வந்து சாவியை என் கையிலிருந்து வாங்கி ஜன்னலில் வைத்தார். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். தலைக்கு அடியில் தன் முந்தானையைச் சுருட்டி வைத்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நின்றதும் ஒரு நோட்டில் எத்தனை நிமிஷம் என்று எழுதினார். ஸ்டெல்லா தூங்கிப்போனாள். "ரூத், ஸ்பெல்லிங் நோட்டு எடு" என்றார். இந்த அம்மாவுக்கு நெஞ்சில் இருப்பது சதைதானா என்று அன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

ஆனால் அதே சார்ட்டில் என் பேங்க் பரீட்சைத் தேதிகளும் இருந்தன. 'டீச்சர் பரீட்சை' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம். அந்தத் தேதிகளை நானே சரியாக ஞாபகம் வைத்திருக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் ரூத் எங்கள் வீட்டுக்கு வந்து, நாளைக்கு உங்களுக்கு இங்கே கட்டம் கிடையாது, ரயிலுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போவாள். வெட்கத்துக்காகவே போய் எழுதினேன். இன்றைக்கு நானும் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி வேலைக்குப் போகிற ஆள் என்றால், முதல் காரணம் அந்த நட்சத்திரம்தான்.

சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் ஒருமுறை அவரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்க வைக்கிற தாய், கண்ணீரோடு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். சார்ட்டைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு போனது நான். அவர் அதை மேடையில் மாட்டச் சொன்னார். நடக்காத நாட்களைப் பற்றி நான்கு நிமிஷம் பேசினார். தண்ணிச் சீட்டைக் காட்டினார். உட்கார்ந்துவிட்டார். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர், எல்லாம் கர்த்தர் நடத்துவதுதானே, நீ ஏன் இத்தனை கட்டம் போடுகிறாய் என்று கேட்டார். "நடத்துறது அவர் வேலைங்க. அட்டவணை போடுறது என் வேலை" என்றார் அக்கா. யாரும் ஆமென் சொல்லவில்லை. திரும்பி வரும்போது எனக்குத்தான் சிரிப்பு அடங்கவில்லை.

நான் அங்கே போன இரண்டாவது வருஷத்தில் ஆஸ்பத்திரி நாட்கள் அதிகமாக இருந்தன. முன்பு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, இப்போது மாதாமாதம். எனக்கு லீவு கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன். அக்டோபரில் ஒருநாள் சும்மா இருந்த நேரத்தில் சார்ட்டில் ஜனவரிப் பக்கத்தைப் பார்த்தேன். எங்கே பார்த்தாலும் மூன்று. கணக்கு மூன்று, சயின்ஸ் மூன்று, கடைசி பீரியடில் பைபிள் சங்கீதம் மனப்பாடம், அதற்கும் மூன்று. எல்லாம் பென்சிலில் இருந்தன. ஒருவரிடம் கேட்டுச் சம்மதம் வாங்கும் வரை அக்கா இங்கில் எழுத மாட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. நான் மாரியம்மன் வீட்டுப் பெண், சங்கீதத்துக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகள் சொல்வது வார்த்தைக்கு வார்த்தை சரியாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும், நம்ப வேண்டிய வேலை உனக்கு இல்லை என்றார். அதோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை.

"உங்களுக்கு சொகுசு வந்துடுச்சிக்கா. எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டு நீங்க இன்னா பண்ணப் போறீங்க?" என்றேன்.

"முடியுமா முடியாதா, அத்த மட்டும் சொல்லும்மா. பென்சில்ல கீது. இங்க் போடணும்."

நான் எழுந்து வந்துவிட்டேன். ஐந்து நாள் போகவில்லை. ஆறாவது நாள் போனேன், போனில் பார்க்க ஒன்றும் இல்லாததால். அக்கா எதுவும் கேட்கவில்லை. நான் வராத ஐந்து நாளுக்கும் கட்டத்தில் மூன்றை அடித்துவிட்டு ஒன்று என்று எழுதியிருந்தார். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் சமையல் கட்டு வாசலில் நின்று, ஜனவரியிலிருந்து நான் சரி, ஆனால் ஏன் என்று மட்டும் சொல்லுங்கள் என்றேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"ஜனவரிக்கு மேல நான் இருக்க மாட்டன்மா. வயித்துல கட்டி. டாக்டரு கிறிஸ்மஸ் தாண்டும்னாரு. நான் ரெண்டு வாரம் சேத்து போட்டுகினேன்."

"சரிக்கா" என்றேன். பிறகு, "பின்னம் முடிஞ்சிடும். தசமத்தை இந்த மாசமே ஆரம்பிச்சிடட்டுமா?" என்றேன்.

"ஆரம்பி" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு பேனா எடுக்கப் போனார்.

இவ்வளவுதான் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது. நான் அழவில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை, அதுதான் உண்மை. வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டேன். எத்தனை என்றுகூட ஞாபகம் இருக்கிறது, நான்கு. அடுத்த நாள் சார்ட்டின் முன் நின்று முதலிலிருந்து பார்த்தேன். ஜூனில் ஒரு நாளைக்கு நான்கு கட்டத்தில் ஒன்று. ஆகஸ்டில் மூன்று கட்டத்தில். அக்டோபரில் இரண்டு கட்டத்தில். டிசம்பரில் கடைசி பீரியட் மட்டும் ஒன்று. ஜனவரி இரண்டாவது திங்கட்கிழமையிலிருந்து ஒன்று கிடையாது. அந்தச் சார்ட் மே மாதத்தில் எழுதியது. ஐந்து மாதமாகத் தினமும் அதன் எதிரில் உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

அதற்குப் பிறகு அக்கா என்னையும் கட்டத்துக்குள் கொண்டு வந்தார். 'ஸ்டெல்லா விழுந்தால்' என்று வாரம் ஒரு பீரியட், மாணவி நான். ரூத் பாயில் விழுந்து கையைக் காலை உதறுவாள், நான் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ரூத்துக்கு அது நல்ல விளையாட்டு. ஸ்டெல்லா சுவரோரம் உட்கார்ந்து, நான் அப்படி விழ மாட்டேன், கை இப்படி இருக்கும் என்று தங்கைக்குத் திருத்தம் சொல்வாள். எத்தனை நிமிஷத்துக்கு மேல் போனால் ஆட்டோ கூப்பிட வேண்டும் என்பதை அக்கா என்னை மூன்று முறை திருப்பிச் சொல்ல வைத்தார். அப்போது அவர் பாதி நேரம் சுவரில் சாய்ந்துதான் உட்கார்ந்திருப்பார்.

அவருடைய பயம் எல்லாம் ஸ்டெல்லாவைப் பற்றித்தான். அண்ணனின் அக்கா ஒருவர், பிள்ளைகளுக்கு அத்தை, வேலூர்ப் பக்கம் ஒரு ஹாஸ்டலில் ஆயாவாக இருந்தார். நல்ல மனுஷி. இரண்டு பெண்களையும் தன்னிடம் அனுப்பச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். வலிப்பு என்று சொன்னால் சேர்க்க மாட்டார்கள், மாத்திரை ஒழுங்காகக் கொடுத்தால் போதும், விழுகிற சங்கதியை அங்கே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பது அவர் யோசனை. யாரிடமும் சொல்லாத ஹாஸ்டலில், கிணற்றடியிலோ மாடிப்படியிலோ பெண் விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க யார் இருப்பார்கள்? தான் போன பிறகும் வீட்டில் பாடம் ஒருநாள்கூடத் தடுமாறக் கூடாது, தடுமாறினால் அத்தை அழைத்துப்போய்விடுவார் என்று அக்காவுக்குத் தெரியும். அந்தச் சார்ட்டே அதற்காகத்தான்.

நவம்பர் முதல் வாரத்தில் தண்ணிச் சீட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு ஊக்கு தொங்கியது. அதில் மூன்று சீட்டு. 'லீவு' என்று எழுதியிருந்தது.

"தண்ணி சீட்டு ஸ்டெல்லா குத்துவா. இது மூணும் நீ குத்து" என்றார்.

"எப்பக்கா?"

"எப்பன்னு எனக்குத் தெரிஞ்சா கட்டத்துலயே எழுதியிருப்பனே."

அக்காவின் கணக்கு தப்பிப்போனது. நவம்பர் மூன்றாம் வாரம், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், அண்ணனின் ரயில் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். கிறிஸ்மஸ் வரவில்லை. சனிக்கிழமை அடக்கம். ஞாயிற்றுக்கிழமை சபை. திங்கட்கிழமை காலை, சாப்பாடு ஏதாவது வேண்டுமா என்று கேட்கலாமென்று போனேன். இரண்டு பெண்களும் தலை பின்னி, புத்தகத்தோடு பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நீங்கள் லீவுச் சீட்டு குத்தவில்லையே என்றாள் ஸ்டெல்லா. என் கை ஊக்குவரைக்கும் போனது. பிறகு, இந்த நாள்தானா, இன்னும் மோசமான நாள் ஒன்று இருந்தால் என்ன செய்வது என்று தோன்றிவிட்டது. கையை எடுத்துக்கொண்டேன். தசமம் நடத்தினேன்.

கடைசி பீரியடில் ஒன்று என்று போட்டிருந்தது. இருட்டுவதற்கு முன் அக்கா வாசித்துக் காட்டுகிற நேரம். அவர் உட்காருகிற முக்காலிக்கு எதிரில் ரூத் பாயைப் போட்டு, அலாரத்தை நாற்பது நிமிஷத்துக்கு வைத்தாள். நான் போய் முக்காலியில் உட்கார்ந்தேன்.

"அது உங்க நம்பர் இல்ல டீச்சர்" என்றாள்.

எழுந்துவிட்டேன். இரண்டு பேரும் காலி முக்காலியைப் பார்த்துக்கொண்டு, சத்தமில்லாமல், அலாரம் அடிக்கும் வரை உட்கார்ந்திருந்தார்கள். அடித்ததும் பாயைச் சுருட்டி வைத்தார்கள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. ஒன்று இருக்கிற கட்டமெல்லாம் அப்படித்தான் கழிந்தது. யாரும் அழவில்லை. நான் அந்த நாற்பது நிமிஷமும் சமையல் கட்டில் நின்றுகொண்டிருப்பேன். வீட்டுக்குப் போக என்னால் முடிந்ததில்லை.

அடக்கத்துக்கு வந்த அத்தை இரண்டு வாரம் இருந்தார். இதைப் பார்த்துப் பயந்துபோனார். பிள்ளைகள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்குப் பேர் படிப்பா, புத்தி பேதலித்துவிடும் என்று தம்பியிடம் சொன்னார். கையோடு கொண்டு வந்திருந்த ஹாஸ்டல் விண்ணப்பத்தை எடுத்து நீட்டினார். அண்ணன் அதை வாங்கவில்லை. எழுந்து போய் சார்ட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

"ஜனவரி வரைக்கும்தான்க்கா இது. அப்புறம் ஒண்ணு கெடையாது. அவளே எழுதி வச்சிட்டுப் போயிருக்கா."

அப்படியானால் ஜனவரியில் வருகிறேன், அப்போதும் சரியாக இல்லையென்றால் நீ தடுக்கக் கூடாது என்றார் அத்தை. விண்ணப்பத்தை அலமாரியில் பைபிளுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் அதை எடுக்கவும் இல்லை, கிழிக்கவும் இல்லை.

கிறிஸ்மஸ் பத்து நாளும் கட்டத்தில் எழுதியிருந்தபடி கழிந்தது. ஸ்டெல்லா ஒருமுறை விழுந்தாள். நான்தான் ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், ரூத் நோட்டில் நிமிஷத்தை எழுதினாள். ஜனவரி இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அத்தை பையோடு வந்து இறங்கினார்.

திங்கட்கிழமை. கணக்கு, சயின்ஸ், கன்னடம் எல்லாம் நடந்தன. அத்தை ஒவ்வொரு பீரியடையும் கதவோரம் நின்று பார்த்தார். கடைசி பீரியடுக்கு ரூத் வழக்கம்போல முக்காலிக்கு எதிரில் பாயைப் போட்டாள். அலாரத்தை வைத்தாள். அவள் எப்போதும் அன்றைய கட்டத்தை மட்டும்தான் பார்ப்பாள். அன்றைக்கும் பார்த்தாள்.

"டீச்சர், ஒண்ணு எங்க?" என்று கேட்டாள்.

அவள் அடுத்த கட்டத்தைப் பார்த்தாள். அதற்கு அடுத்ததை. விரலை வைத்துத் தேடிக்கொண்டே பிப்ரவரிக்குப் போனாள், மார்ச்சுக்குப் போனாள், எட்டாத இடத்துக்கு முக்காலியைப் போட்டு ஏறி மே மாதம் வரை பார்த்தாள். இறங்கி வந்து பாயில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். நவம்பரிலிருந்து அவள் அழுது யாரும் பார்க்கவில்லை. அதுவரை அவள் அம்மா தினமும் சார்ட்டில் இருந்தார், இனி இல்லை, அதுதான் விஷயம். எனக்கு அன்றுதான் அது புரிந்தது. ஸ்டெல்லா அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன், விழுந்துவிடுவாளோ என்று.

அத்தை உள்ளே வந்தார். அவர் கண்ணிலும் தண்ணீர். "நான் சொன்னது இதாம்மா. இந்த ஊட்ல வச்சி ஆவாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, பைபிளுக்கு அடியிலிருந்து விண்ணப்பத்தை உருவினார்.

நான் எழுந்து சார்ட்டிடம் போனேன். இரண்டாவது ஊக்கைக் கழற்றினேன். முதல் லீவுச் சீட்டை அன்றைய கட்டத்தின் மேல் குத்தினேன். விரலில் குத்திக்கொண்டேன், வலிக்கவில்லை.

"நாளைக்கி?" என்று ரூத் விம்மலுக்கு நடுவில் கேட்டாள். இரண்டாவது சீட்டைச் செவ்வாய்க்கிழமையில் குத்தினேன்.

"அதுக்கு மறுநாளு?" மூன்றாவதையும் குத்தினேன். ஊக்கு காலியாகிவிட்டது. வியாழக்கிழமைக் கட்டத்தை அவளே பார்த்தாள். அக்காவின் கையெழுத்தில், இங்கில், மூன்று என்று இருந்தது.

"வியாழக்கெழம நான் வரன்" என்றேன். பிறகு அத்தையிடம் திரும்பிச் சொன்னேன். "ஒம்பது மணிக்கு வருவேங்க. அதுக்கு மறுநாளும் வருவேன். மே வரைக்கும் இங்க்ல கீது."

அத்தை விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு சார்ட்டை ரொம்ப நேரம் பார்த்தார். ஒவ்வொரு மூன்றாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு அந்தக் காகிதத்தை இரண்டாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். ரூத் சத்தமாக அழுதுகொண்டிருந்தாள். அலாரம் அடித்தது, அதற்குப் பிறகும் அழுதாள். லீவு நாள் என்பதால் நாங்கள் யாரும் அவளை நிறுத்தவில்லை.